பெயரில்லா சொன்னது

சத்தியம் தம்பி, சத்தியம். இந்த மதுரைக் கண்ணாஸ்பத்திரியில், இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், சத்தமாகவே சொல்கிறேன். இனி நான் பேசப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அந்த எரிகிற சொட்டு மருந்தை எனக்கும் சேர்த்து ஊற்றட்டும். அந்த நர்ஸ் அம்மா முறைக்கிறார்கள். சரி, மெதுவாகவே பேசுவோம்.

உள்ளே போயிருக்கிறது என் வீட்டுக்காரி, ராஜகனி. போன மாசம் வலது கண், இன்றைக்கு இடது கண். உங்களுக்கு யார்? மாமியாரா? மாமியாரைக் கூட்டி வருகிற மருமகனை இப்போதுதான் பார்க்கிறேன். உட்காருங்க, எப்படியும் நேரமாகும். நாங்கள் சாத்தூர். காலையில் வருகிற வழியில் பஸ்ஸை மயில் மறித்துவிட்டது. ஒன்று இரண்டு இல்லை, நூறு மயில். ரோடு முழுக்கத் தோகை. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய்க் கும்பிட்டார். அதனால்தான் எங்களுக்கு டோக்கன் இவ்வளவு கடைசியில் கிடைத்தது. சிரிக்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கிறேன் இல்லையா?

என் பேர் தவசிமுத்து. கரண்டு ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுத்தவன். வெயில் மழை பார்க்காமல் வீடு வீடாகப் போய் மீட்டர் முன்னால் நின்றவன். ஒரு வீட்டு வாசலுக்குள் காலை வைத்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று மோப்பம் பிடித்துவிடுவேன். அத்தனை கதையையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ரிடையர் ஆனால் சும்மா இருக்க முடியுமா? ஒரு பிளாக் ஆரம்பித்தேன். வலைப்பூ. ‘மீட்டர் ஓடுது’ என்று பேர்.

இப்போது யார் ஐயா பிளாக் படிக்கிறார்கள் என்று கேட்கப் போகிறீங்க. கேட்காதீங்க. எல்லோரும் காலி பண்ணிக்கொண்டு ஃபேஸ்புக்குக்கும் வீடியோவுக்கும் போய்விட்டார்கள். வரிசையாகப் பூட்டிக் கிடக்கிற லைன் வீட்டில் நான் ஒருத்தன் மட்டும் லைட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் என்று பார்த்தால் தூத்துக்குடியில் ஓர் உப்பளக் கணக்கர், மலேசியாவில் ஒரு டீச்சரம்மா. இவர்கள் போக இன்னோர் ஆள். அந்த ஆளால்தான் எனக்கு இந்த அலுப்பு எல்லாம்.

அவனுக்குப் பேர் கிடையாது. பேர் கொடுக்காமல் கருத்து எழுதினால் பிளாக்கில் ‘பெயரில்லா சொன்னது’ என்று வரும். அதற்குக் கீழே எழுதியிருப்பான். முதல் தடவை எழுதினது எனக்கு மனப்பாடம். நான் வெங்கடாசலபுரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையில் ரீடிங் எடுக்கப் போனபோது மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிறுத்தை படுத்திருந்ததையும், அது என் கையைப் பிராண்டியதையும், நான் ரீடிங்கை முடித்துவிட்டுத்தான் நகர்ந்ததையும் எழுதியிருந்தேன். உடம்பு சிலிர்க்கிற மாதிரி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே:

‘ஐயா, அது சிறுத்தை அல்ல. தலையாரி வீட்டுக் கடுவன் பூனை. பாதியாக வகுத்துப் படிக்கவும்.’

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கொட்டகையில் நானும் அந்தச் சிறுத்தையும் தவிர வேறு ஆள் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ராஜகனி மஞ்சள் பத்துப் போட்டுவிடும்போது அவளிடம் சொன்னதோடு சரி. ஊரில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்குப் பிறகு விடுவதே இல்லை. ‘அன்று புயல் இல்லை. தூறல்.’ ‘அந்தப் பண்ணையார் உங்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. நாயை அவிழ்த்துவிட்டார்.’ ‘நீங்கள் அன்று போட்டிருந்தது வெள்ளைச் சட்டை அல்ல, நீலம். காலரில் கிழிசல்.’ நீலச் சட்டை எனக்கே மறந்துபோய்விட்டது தம்பி! எல்லாவற்றுக்கும் கடைசியில் முத்திரை குத்துகிற மாதிரி அதே வரி. பாதியாக வகுத்துப் படிக்கவும்.

அதோடு போனதா? உப்பளக் கணக்கர் எழுதுகிறார், ‘உங்கள் பதிவைவிடப் பெயரில்லா எழுதுவதற்காகத்தான் தினமும் எட்டிப் பார்க்கிறேன்’ என்று. டீச்சரம்மா, ‘பெயரில்லா ஐயாவுக்கு என் வணக்கம்’ என்கிறார். வீட்டைக் கட்டினவன் நான், பால் காய்ச்சிக் குடி புகுந்தவன் அவன்.

எனக்கு லைன்மேன் சண்முகவேல் மேல் சந்தேகம். என்னோடு வேலை பார்த்தவன், வாய்த் துடுக்கு. டீக்கடையில் வைத்துப் பிடித்தேன்.

“ஏலே, பேரைப் போட்டு எழுத முதுகெலும்பு இல்லையாலே உனக்கு?”

“எதை எழுத?”

“நடிக்காத. என் பிளாக்ல எழுதறது நீதான?”

“எலேய் தவசி, எனக்குப் போன்ல பச்சை அமுக்கினா பேசணும், செவப்பு அமுக்கினா வைக்கணும், அம்புட்டுத்தான் தெரியும். அதுவும் பல நாள் மாத்தி அமுக்கிருதேன். பிளாக்குன்னா என்னலே, சிமெண்டுக் கல்லா?”

டீக்கடையே சிரித்தது. அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், ‘என்னலே, செங்கல் சூளை எப்படி ஓடுது?’ என்று கேட்கிறான்.

சரி, ஆளைப் பிடிக்க முடியவில்லை, நாமே இடத்தை மாற்றிவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். பேரை மாற்றினால் எங்கே போய்த் தேடுவான்? ஆனால் என் மண்டைக்கு ஒரு பேரும் தோன்றவில்லை. ராஜகனியிடம் கேட்டேன். பிளாக்குக்கு என்று சொல்வேனா? ரகசியம் இல்லையா? என் சிநேகிதன் ஒருத்தன் சேவுக்கடை வைக்கிறான், நல்ல பேராகச் சொல்லு என்றேன்.

“எந்தச் சிநேகிதன்?” என்றாள்.

“உனக்குத் தெரியாத சிநேகிதன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கரகரப்பு-ன்னு வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

நல்ல பேர்தானே? ‘கரகரப்பு’ என்று மாற்றினேன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்து பார்க்கிறேன், பெயரில்லா சொன்னது: ‘புதுப் பேர் பொருத்தம். சரக்கு பழசுதான்.’

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஷகிலா பானு என்று ஓர் அம்மா, நெட் சென்டர் வைத்திருக்கிறார். அவரிடம் போய் முறையிட்டேன். அவர் சொன்னார், “ஐயா, பேரு வேற, விலாசம் வேற. வீட்டு வாசல்ல பெயிண்ட் அடிச்சு ‘அன்னை இல்லம்’ங்கிறதை ‘தந்தை இல்லம்’னு மாத்தினா தபால்காரர் வராம போயிருவாரா? கதவு நம்பரை மாத்தணும்.” அத்தோடு, “பேரில்லாம எழுதறதையே மூடிரலாமே, ஒரு பொத்தான் வேலை” என்றார்.

அது எப்படி மூடுவது? மூடினால் நான் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடாதா? வேண்டாம், கதவு நம்பரையே மாற்றும்மா என்றேன். கரகரப்பு என்றே புது விலாசம் வாங்கிக் கொடுத்தார். உப்பளக் கணக்கருக்கும் டீச்சரம்மாவுக்கும் மட்டும் ரகசியமாகத் தெரிவித்தேன். மறுநாளே வந்துவிட்டான் தம்பி! ‘கதவு நம்பர் மாறியிருக்கிறது. பண்ணையார் அவிழ்த்துவிட்ட நாய் மாறவில்லை. பாதியாக வகுத்துப் படிக்கவும்.’

மறுபடி ஷகிலா. “ஐயா, ஈமெயில் பழசுதான? உங்க கணக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்திருப்பாங்க. ஈமெயிலையே மாத்துங்க” என்றார். சரி, மூன்றையும் மாற்றிவிடுவோம். பேர், விலாசம், ஈமெயில். வேரோடு பிடுங்கிவிட்டால் எவன் வருவான்?

அது லேசுப்பட்ட வேலை இல்லை தம்பி, கேளுங்க. முதலில் புது ஈமெயில் தொடங்கணும். அதற்கு ஒரு போன் நம்பர் கேட்கிறது, ரகசிய எண் அனுப்ப. நான் என்ன முட்டாளா, என் நம்பரைக் கொடுக்க? கண்டுபிடித்துவிடுவான் இல்லையா? ராஜகனி நம்பரைக் கொடுத்தேன்! எப்படி நம்ம மூளை? ஏன் சிரிக்கிறீங்க? அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தாள்.

“எதுக்குங்க இது?”

“கேஸ் சிலிண்டருக்கு.”

“போன வாரம்தான வந்துச்சு?”

“அடுத்ததுக்கு.”

கையோடு, இன்னொரு சிநேகிதன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கடை வைக்கிறான் என்று சொல்லிப் பேரும் வாங்கிக்கொண்டேன். “முழுக் காத்து-ன்னு வைக்கச் சொல்லுங்க” என்றாள். நல்ல விசாலமான பேர். விலாசமும் அதே பேரில்.

அடுத்தது, பிளாக்கைக் கைமாற்ற, பழைய ஈமெயிலிலிருந்து புது ஈமெயிலுக்கு அழைப்பு அனுப்பணும். என் வீட்டுக்கு வாங்க என்று நானே என்னை அழைத்தேன். அப்புறம் இந்தப் பக்கம் வந்து, நானே வருகிறேன் என்று சம்மதித்தேன். அப்புறம் வந்தவனை வீட்டுக்காரன் ஆக்கிவிட்டு, பழைய வீட்டுக்காரனான என்னை நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். ‘நிச்சயமாக நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது. முதல் தடவை ‘வேண்டாம்’ என்றுதான் அமுக்கினேன், பொய் சொல்வானேன். இத்தனை வருஷம் எழுதின ஆள் இல்லையா அவன்? தள்ளிவிட்டேன்.

இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள்: ‘முழுக் காத்து என்றே பேர் வைத்தீர்களா! சந்தோஷம்.’

சரி, எங்கே போனாலும் வருகிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அயர்ந்து விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் பழகிவிட்டது. பதிவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன், இன்றைக்கு எதைப் பிடிப்பான், சிறுத்தையைப் பிடிப்பானா, சட்டையைப் பிடிப்பானா என்று. அப்படித்தான் ஓடியிருக்கும், அந்த ஏணிக் கதையை எழுதாமல் இருந்திருந்தால்.

உயரத்தில் மாட்டியிருந்த மீட்டருக்காக ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பு எலும்பு போய்ப் படுக்கையில் கிடந்தேன் ஒரு சமயம். வாலிபத்தில். இனி நடப்பேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதினேன். வலியிலும் சிரித்துக்கொண்டே இருந்தேன், பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே வந்தது.

‘அழுதீர்கள். மத்தியான வேளையில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு. அதில் ஒன்றும் தப்பில்லை. இதை வகுக்க வேண்டாம்.’

தம்பி, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். சிறுத்தை பூனை எல்லாம் ஊருக்குத் தெரிந்திருக்கலாம். இது? அன்றைக்கு வீட்டில் வேறு யார் இருந்தது? கதவுக்கு அந்தப் பக்கம் ராஜகனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எவனோ கூரை ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்த்திருக்கிறான், இல்லையென்றால் செய்வினை. மந்திரவாதி எவனோ. இவன் கண்ணிலேயே படக்கூடாது என்று ஆகிவிட்டது.

ராஜகனியிடம் கேட்டிருக்கலாமே என்கிறீங்களா? அவளிடம் என்ன கேட்பது? நான் எழுதுகிறது எதையும் அவள் படித்ததே இல்லை, அவளே வாயால் சொல்லியிருக்கிறாள். ‘உங்க கதையை நேர்ல கேக்கறது போதாதா, அதை வேற படிக்கணுமாக்கும்’ என்பாள். மத்தியானமானால் போனை வைத்துக்கொண்டு உட்காருவாள், சமையல் குறிப்பாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதல் கண் ஆபரேஷன். கட்டுப் போட்டு, அப்புறம் கறுப்புக் கண்ணாடி. இரண்டு கண்ணும் முடிகிறவரைக்கும் போனையே பார்க்கக் கூடாது என்று அவளுக்கு டாக்டரம்மா உத்தரவு. போன் என் கைக்கு வந்துவிட்டது. எழுத்தெல்லாம் எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறாள் தெரியுமா, ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் வருகிறது. அதைப் பிடித்து நானே ரகசிய எண்ணைப் பார்த்து, நானே புது ஈமெயில் தொடங்கி, மறுபடி என்னை நானே அழைத்து, நானே தள்ளி, புது விலாசம் வாங்கினேன். பேர்? வலியில் கிடக்கிறவளிடம் எந்தக் கடைக்கென்று கேட்பது? நானே வைத்தேன். ‘உண்மை விளம்பி.’ ஏன் தம்பி இருமுகிறீங்க, தண்ணீர் வேணுமா?

அன்றைக்குப் போனவன்தான். வரவே இல்லை.

முதல் வாரம் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. வைப்பாறு வெள்ளத்தில் நான் நீந்திப்போய் அக்கரையில் ரீடிங் எடுத்ததை எழுதினேன். சத்தம் இல்லை. அதற்கடுத்து, அதே வைப்பாற்றில் திமிங்கிலம் ஒதுங்கியதை எழுதினேன். மணல் மட்டுமே ஓடுகிற ஆறு தம்பி அது! திமிங்கிலத்தின் முதுகில் ஏறி நின்று கலெக்டருக்குப் போன் பண்ணினேன் என்றும் எழுதினேன். அவனுக்காகவே எழுதினேன், தூண்டிலில் மாட்டுகிற மண்புழு மாதிரி. உப்பளக் கணக்கர், ‘பெயரில்லா எங்கே?’ என்று ஒரே வரி. டீச்சரம்மா, ‘அருமையான பதிவு’ என்கிறார். திமிங்கிலத்தை அருமை என்கிறவரிடம் என்ன பேசுவது? இப்போது எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. நான் எழுதுவதெல்லாம் உண்மைதான், ஆனால் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் அது உண்மையாக இருக்கிறது.

பழைய இடத்துக்கே போய்விடலாம் என்று பார்த்தேன். அந்த ‘மீட்டர் ஓடுது’ விலாசத்தில் எவனோ மூட்டுவலித் தைலம் விற்கிறான். கரகரப்பில் யாரோ சீட்டுக்கட்டு விளையாட்டு நடத்துகிறார்கள். முழுக் காத்தையும் எவனோ எடுத்துக்கொண்டான். ஷகிலாவிடம் கேட்டால், “காலி பண்ணின வீடுய்யா, யாரு வேணாலும் குடி வரலாம். பேரை வேணா திரும்ப வச்சுக்கங்க, பேருக்குப் போட்டி இல்லை. விலாசம்தான் ஒருத்தருக்கு ஒண்ணு” என்கிறார். வெறும் பேரை வைத்து அவன் என்னை எங்கே தேடுவான்? அவனுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. விலாசம் மாறிவிட்டேன் என்று நான் யாருக்குத் தெரிவிப்பது? பேப்பரில் விளம்பரம் கொடுக்கவா? அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. அலுப்பாக இருக்கு தம்பி. ரொம்ப அலுப்பாக இருக்கு.

இதோ, கூட்டி வந்துவிட்டார்கள். அந்தக் காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க, இடிக்கப் போகிறாள். வா, இப்படி உட்காரு. வலிக்குதா?

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க பேசற சத்தம்தான் உள்ளவரைக்கும் கேக்குது. தம்பி யாரு? மயில்ல ஆரம்பிச்சிருப்பாரே. நூறுன்னாரா? ரெண்டு கோழிங்க தம்பி, ஒரு சேவல், ஒரு பெட்டை. டிரைவர் இறங்கினது டீ குடிக்க. இவரு சொல்றதைப் பாதியா வகுத்துக் கேளுங்க.”

...

என்ன தம்பி, என் முகத்தையே பார்க்கிறீங்க? ஒன்றும் இல்லை. மீட்டர் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். நாமும் வருஷக்கணக்கில் ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போயிருப்போம். ஒருநாள் துண்டால் துடைத்துப் பார்த்தால்... சரி, விடுங்க. கொஞ்சம் பொறுங்க. இவளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

ராஜகனி, இந்தத் தம்பி மதுரையில் புதுசாக ஒரு கடை வைக்கப் போகிறாராம். நல்ல பேராக ஒன்று சொல்லேன். தலையை ஆட்டுங்க தம்பி, ஆட்டுங்க. ஆமாம், கண்ணாடிக் கடை.

“எத்தனை கடைக்குத்தான் ஒருத்தியே பேரு வைக்கிறது? எதுக்குங்க புதுசா? ‘மீட்டர் ஓடுது’ன்னே வைக்கச் சொல்லுங்க. மொதல்ல வச்சதுதான் நல்லாருந்துச்சு.”

கண்ணாடிக் கடைக்கா?

“கண்ணாடிக் கடைக்குத்தான். விலாசத்தை மட்டும் இந்தத் தடவை ஒழுங்காச் சொல்லச் சொல்லுங்க. கட்டுப் பிரிச்ச கண்ணோட எங்கன்னு போய்த் தேடிக்கிட்டுக் கிடக்கிறது?”

கேட்டுக்கிட்டீங்களா தம்பி? அப்படியென்றால் உங்கள் கடை விலாசத்தை நான் சொல்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன், நர்ஸ் அம்மா முறைத்தால் முறைக்கட்டும். உங்களுக்காகத்தான் சொல்கிறேன், வேறு யாருக்கும் இல்லை. ‘ராஜகனி வீட்டுக்காரர்.’ இங்கிலீஷ் எழுத்தில். இடையில் இடைவெளி கிடையாது, சேர்த்து எழுதணும். இன்னொரு தரம் சொல்லட்டுமா? ராஜகனி வீட்டுக்காரர். சேர்த்து. இந்த விலாசத்துக்கு எவனும் போட்டிக்கு வரமாட்டான். சாயங்காலம் ஊருக்குப் போனதும் ஷகிலாவிடம் சொல்லி மாற்றிவிடுவேன்.

உங்கள் மாமியார் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள், போங்க. இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் சொன்னேன் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீங்க, முக்கியமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மா காதில் விழவே கூடாது. யாராவது துருவித் துருவிக் கேட்டால், பெயரில்லா சொன்னது என்று சொல்லிவிடுங்க.